ஊருக்குப் போன விசாரணை

வீட்டு விசாரணைக்குப் போகும்போது ஜீப்பை எங்கே நிறுத்துவீர்கள்? பயிற்சி வகுப்பில் இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்தோரு வருடம் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தேன். பெரும்பகுதி புதுக்கோட்டையில். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போதுதான் ஜீப்பைப் பற்றியே யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் நஷ்டப்பட்டது நானில்லை, வேறொரு பெண்.

அவரை வளர்மதி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். நார்த்தாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், அதன் பெயரும் வேண்டாம். வயது முப்பத்தைந்து. கணவர் விட்டுவிட்டுப் போய் வெகுநாளாகிறது. ஒரே மகள். அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுச் சென்னையில் இருந்தார். அங்கே ஒரு வாடகை வீட்டில் போலீஸ் சோதனை நடந்தபோது பிடிபட்டார். பாலியல் தொழில் வழக்கு. வீட்டை வைத்து நடத்தியவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். இதுவும் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகிற விஷயம்தான்.

புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் இந்தத் தொழிலைச் செய்வதையே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அதை வைத்து நடத்துவதும், பொது இடத்தில் நின்று ஆள் அழைப்பதும் போன்றவைதான் குற்றம். ஆனாலும் சோதனையில் ‘மீட்கப்பட்ட’ பெண்ணை நடுவர் காப்பகத்துக்கு அனுப்புவார். பிறகு சொந்த மாவட்டத்து அலுவலருக்குக் கடிதம் வரும். இவரை ஏற்றுக்கொள்ள ஆள் உண்டா, வீடு எப்படிப்பட்டது, போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்று நாம் எழுதினால் அந்தப் பெண்ணை ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை இல்லத்திலேயே வைக்க உத்தரவிடலாம். மீட்கப்பட்டவருக்குக் கிடைக்கும் இந்தப் பரிசை, தண்டனை பெற்றவர்களில் பலர்கூட வாங்குவதில்லை.

கடிதம் வந்த மறுநாளே கிளம்பினேன். அப்போதெல்லாம் எனக்கு என் சுறுசுறுப்பில் கொஞ்சம் பெருமை உண்டு. துறையின் பெயர் எழுதிய ஜீப். துணைக்கு ஒரு பெண் காவலர், சீருடையில். நேராக ஊருக்குள் போய், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அங்கே குடம் வைத்துக்கொண்டு நின்றவர்களிடம் “வளர்மதி வீடு எதுங்க?” என்று கேட்டேன். வழிகாட்ட மூன்று பேர் கூடவே வந்தார்கள். அவர்களுடைய உதவும் குணத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்.

அண்ணன் கல் குவாரியில் பாறைக்குத் துளை போடும் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். பெண் காவலரை வெளியே நிற்கவைத்துவிட்டு, உள்ளே அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். காது சரியாகக் கேட்காதவர் போல என் வாயையே பார்த்தார். குவாரிக்காரர்களுக்குக் காது மந்தம்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு எல்லாம் கேட்டது.

“ஆஸ்பத்திரி வேலைன்னுல சொல்லிச்சு” என்றார். பிறகு, “அது மகளுக்குத் தெரியுமாங்க?”

“யாருக்கும் தெரியாது. ஒங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

“தெரிய வேணாங்க. பிளஸ் டூ படிக்கிற புள்ள.” முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். “நானே போயி கூட்டிட்டு வந்துர்றேன். எங்கிட்டுக் கையெழுத்துப் போடணும்?”

போட்டார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். தங்கையைப் பற்றி அப்படி ஒரு செய்தி கேட்டுக் கால்மணி நேரத்துக்குள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவர்கள் என் அனுபவத்தில் ரொம்பக் குறைவு. அந்த இடத்திலேயே நான் ஜீப் ஏறியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பம் நல்ல குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டம் அதைக் கேட்கவில்லை. யாரோ ஓர் அதிகாரி எப்போதோ படிவத்தில் இரண்டு கோடு போட்டு வைத்தார், பின்னால் வந்த நாங்கள் அதை நிரப்பிக்கொண்டே இருந்தோம். படிவத்தின் தலைப்பில் சட்டத்தின் பெயர் முழுசாக இருக்கும். அதனால் கையெழுத்து வாங்கும்போது தலைப்பை மடித்துப் பிடித்துக்கொள்வேன். இதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். உங்களில் யாராவது அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டு அம்மா எதுவும் கேட்காமல் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“என்ன விசயமாம்மா?”

“ஒண்ணுமில்ல சார். வளர்மதி வேலை பாக்குற எடத்துல ஒரு சான்று கேட்டிருக்காங்க.”

“அதுக்கென்ன, நல்ல புள்ள, போட்டுட்டாப் போச்சு. ஆனா படிக்காமப் போட மாட்டேம்மா. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

தாளைக் கையில் வாங்கினார். என்னால் பிடுங்கவா முடியும்? மடிப்பைப் பிரித்தார். படித்தார். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் மடித்திருந்த மாதிரியே திரும்ப மடித்து என்னிடம் கொடுத்து, “நான் போடலம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்தான் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜீப்பில் எழுத்து, வாசலில் காக்கி, நல்ல புள்ள என்று சொன்ன மனிதர் கையெழுத்துப் போடாமல் கதவைச் சாத்தியது எல்லாவற்றையும் ஒரு தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஆள் வைத்தா சொல்ல வேண்டும்?

மாலை நாலு மணிக்கு அண்ணன் போன் செய்தார்.

“மேடம், அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்ருங்க.”

“ஏங்க, காலையில நீங்களே...”

“காலைல எனக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப ஊருக்கே தெரியும். எங்களுக்கு அப்புடி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிக்கங்க.” குரல் உடைந்திருந்தது. “அது மகட்ட செல்ல வாங்கி வச்சுட்டேன். இனிமே பேசக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

வைத்துவிட்டார். நான் விசாரிக்கப் போனபோது வளர்மதிக்கு ஒரு வீடு இருந்தது. விசாரித்து முடித்தபோது இல்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். “இதுல என்னம்மா கொழப்பம்? ஏற்றுக்கொள்ள உறவினர் எவரும் முன்வரவில்லை. ஒரே வரி. எழுதி அனுப்புங்க” என்றார். அவர் கெட்டவரில்லை. அந்த வரி பொய்யும் இல்லை. இந்த வேலையில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பொய்யான வரிகள் இல்லை, இந்த மாதிரி உண்மையான வரிகள்தான். அறிக்கை அனுப்பும் கெடு முடிய நாலு நாள் இருந்தது. இரண்டு நாள் சொந்த லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். விசாரணை அலுவலர் அப்படிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. போகாமல் எழுத எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

காப்பகத்தின் பார்வையாளர் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். ஊர் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“அண்ணன் வாராங்களா மேடம்?”

நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், என் தப்பு என்றே சொன்னேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னை விசாரித்தார்.

“எதுல போனீங்க?”

“ஜீப்புல.”

“போர்டு போட்ட ஜீப்பா?”

“ஆமா.”

“ரோட்டுல நிறுத்திட்டு நடந்து போனீங்களா, ஊருக்குள்ளயே கொண்டு போனீங்களா?”

“உள்ளயே.”

“கூட போலீஸு?”

“லேடி கான்ஸ்டபிள்.”

“யூனிபாரத்துல?”

முப்பது வருடத்தில் எத்தனை பெண்களை நான் எதிரே உட்காரவைத்து வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

“எட்டு வருசம் மேடம்” என்றார். “எட்டு வருசமா ஊருல நான் நர்ஸம்மா. பிரஷர் பாக்குற மெஷினு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். பொங்கலுக்குப் போனா தெருவுக்கே பாத்து விடுவேன். அந்த ஹெட்மாஸ்டருக்கும் நாந்தான் பாப்பேன். ஏமாத்தலைங்க. மெஷினு என்ன சொல்லுதோ அதத்தான் சொல்லுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

“போலீஸு புடிச்சது எனக்குப் புதுசில்ல. செல்ல வாங்கிக்கிட்டாங்க, கோர்ட்டுல சாட்சிப் பொருளாம். அதுலதான் புள்ள பேசும். சரி, வெளிய போயி எப்புடியும் பேசிக்கிறலாம்னு இருந்தேன். அவங்க புடிச்சது என்னய மட்டுந்தான். நீங்க என் புள்ளயையும் சேத்துல்ல புடிச்சுட்டீங்க.”

கேட்டுக்கொண்டேன். நம்மிடம் ஒருவர் இப்படிப் பேசினால், தயவுசெய்து விதிமுறைகளை விளக்க ஆரம்பிக்காதீர்கள்.

“இப்ப என்னன்னு எழுதப் போறீங்க?”

“நீங்க சொல்லுங்க.”

“நான் சொன்னா எழுதிருவீங்களாக்கும்?”

“உண்மையா இருந்தா எழுதுவேன்.”

துண்டைச் சரிசெய்துகொண்டார். “யாராச்சும் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன பால்வாடிப் புள்ளயா? அத எழுதுங்க. இங்க ஒரு ரூம் இருக்கு, அதுக்கு நாந்தான் சாவி. அதையும் எழுதுங்க. ஆனா அட்ரஸ எழுதீறாதீங்க. செக் பண்ணுறேன்னு போலீஸு போயி நிக்கும். வீட்டுக்காரம்மாவுக்கு நான் ஓட்டல்ல வேலை பாக்குறவ. அங்கயும் போயிருச்சுன்னா அப்புறம் நான் எங்கிட்டு மேடம் போவேன்?”

ஊரில் நர்ஸ், வாடகை அறையில் ஓட்டல்காரி. போலீஸ், நீதிமன்றம், நம் துறை, வங்கி, ரேஷன் கடை என்று எல்லோரும் கேட்பது முகவரி. அந்த முகவரியைக் கொடுத்தாலே அந்த இடம் கையைவிட்டுப் போகும் என்ற நிலையில் ஒருவர் வாழ்வதை அதற்கு முன் நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருடம் அவர்கள் தப்பான முகவரி தரும்போதெல்லாம் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். உங்களைப் பற்றி ஊரில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். யாரிடம் பேசலாம், யாரிடம் பேசவே கூடாது என்பதை அவர் வாயால் சொல்லட்டும். அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் அவரைப் புதுக்கோட்டைக்கு வரச்சொல்லி பேருந்து நிலையத்து டீக்கடையில்கூடப் பார்க்கலாம். திருக்கோகர்ணம் கோயிலில் பார்க்கலாம். ஜீப் எதற்கு?

அன்று இரவு தங்கிய இடத்தில் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம். அண்ணன் முதலில் சம்மதித்ததை எழுதினேன். அக்கம்பக்கத்துக் கையெழுத்து வாங்கப் போனதில் விஷயம் ஊரில் பரவியது, அதற்கு நானே பொறுப்பு என்று எழுதினேன். அண்ணன் பின்வாங்கியது என் விசாரணையின் விளைவே தவிர, அந்தப் பெண்ணின் குணத்துக்கோ வீட்டுக்கோ சாட்சியம் ஆகாது என்று எழுதினேன். அவர் வயது வந்தவர், ஒப்படைக்க ஆள் தேவையில்லை, தன் அறைக்குப் போகவே விரும்புகிறார் என்று எழுதினேன். விருப்பமில்லாமல் இல்லங்களில் இருக்கும் வயது வந்த பெண்களை விடுவிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தேன். நடுவர் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லி அவர் சம்மதத்தோடு வாங்கி வந்த முகவரியை மட்டும் தனி உறையில் போட்டு ஒட்டி, நடுவர் மட்டும் பார்க்கவும் என்று மேலே குறிப்பு எழுதினேன்.

தைரியமாக எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துகொண்டே எழுதினேன். ‘அதற்கு நானே பொறுப்பு’ என்ற வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினேன். “ரிட்டயராகப் போற நேரத்துல ஒங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்களேம்மா” என்றார் மேலதிகாரி. மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். பென்ஷன் நிற்குமோ என்று பல நாள் தூக்கம் இல்லை.

நடுவர் என்னை நேரில் வரச் சொன்னார். அறிக்கையைப் புரட்டிவிட்டு, “இதில் நீங்கள் மறைத்தது ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

“முகவரியை மட்டும் உறையில் வைத்திருக்கிறேன், ஐயா.”

உறையைப் பிரித்துப் படித்து, மறுபடி உள்ளே வைத்தார். பிறகு வளர்மதியைப் பார்த்து, எங்கே போக விருப்பம் என்று கேட்டார். “என் ரூமுக்குங்க” என்றார் வளர்மதி. அன்று மாலையே அவர் வெளியே வந்தார். நீதிமன்ற வாசலில் என்னிடம் தன் புது எண்ணைக் கொடுத்தார். “புள்ளையப் பத்தி ஏதாச்சும் காதுல விழுந்தா மட்டும் சொல்லுங்க மேடம். நீங்களாப் போயி எதையும் கேக்காதீங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தேவைதான்.

காகிதத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் அவர் ஊருக்குப் போக முடியாது. அண்ணன் எண்ணை மாற்றிவிட்டார். மகள் குரலை அவர் கேட்கவில்லை. ஏழு மாதம் அப்படியே போனது. என் காதிலும் எதுவும் விழவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை. கை துறுதுறுக்கத்தான் செய்தது.

ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். தாடை அப்படியே அம்மாவினுடையது.

“ஒவ்வொரு ஆபீஸாக் கேட்டுட்டு வாரேன். எங்க வீட்டுக்கு வந்தது நீங்கதானா?”

“ஆமாம்மா. உக்காரு.”

உட்காரவில்லை. “ஊருல என்னென்னமோ சொல்றாங்க. அதப் பத்தி நான் எதுவும் கேக்க வரல. எங்கம்மா எங்கிட்டு இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

எண் என் செல்போனில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட ஒரு நிமிடம் போதும். கொடுத்துவிடத் துடித்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஏழு மாதமாக நெஞ்சில் இருந்தது அந்த நிமிடமே இறங்கியிருக்கும். அதனால்தான் கொடுக்கவில்லை. இறங்க வேண்டியது என் பாரமா? வளர்மதியைக் கேட்காமல் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போனவள் நான். இந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன்.

“ஒங்க மக வந்திருக்கு. ஒங்களக் கேக்குது. என்ன சொல்லட்டும்?”

துண்டித்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன்.

“வேணாம் மேடம்.” பிறகு மெதுவாக, “தெரிஞ்சுக்கிட்டா வந்திருக்கா?”

“தெரிஞ்சுதான் வந்திருக்கு.”

“என்ன உடுத்தியிருக்கா?”

“யூனிபார்ம்.”

“யூனிபாரமா?” குரல் சட்டென்று மாறியது. “மணி ரெண்டு ஆகுது. பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டிய நேரத்துல அங்க என்ன பண்ணுறா? பரீச்ச வருதுல்ல? போனக் குடுங்க அவட்ட.”

உள்ளே போய்க் கொடுத்தேன். திட்டுவது எனக்கே கேட்டது. அந்தப் பெண் கன்னமெல்லாம் கண்ணீராக, “இல்லம்மா, இன்னைக்கு ரிவிஷன் பரீச்ச காலையிலயே முடிஞ்சிருச்சும்மா, சத்தியமாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அலுவலக உதவியாளர் வந்து, “யாரு மேடம், என்ன கேஸு?” என்று கேட்டார். “கேஸெல்லாம் இல்ல, போன் பேச வந்த புள்ள” என்றேன்.

அரைமணி நேரத்துக்கு மேல் வராந்தாவில் நின்றேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. முகம் கழுவியது போல இருந்தாள். இடது உள்ளங்கையை மூடி வைத்திருந்தாள். விரலிடுக்கில் பேனா மை தெரிந்தது. வலது கையால் போனை நீட்டினாள்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. அம்மா நம்பர ஒங்க போன்லேர்ந்து அழிச்சுட்டேன். அம்மாதான் சொன்னாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிப் பார்த்தேன். அழைப்புப் பட்டியலில் இல்லை.

“பேரு போட்டு வச்சிருந்தீங்க” என்றாள். “அதையும் அழிச்சுட்டேன்.”

“நல்லதும்மா” என்றேன்.